உள்ளூர்த் தீவின் ருசி

மால்டாவுக்கும் சிசிலிக்கும் போய் பாரம்பரிய உணவைத் தேடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். தாணேவாசிகள் குடியிருப்பதே ஒரு தீவில்தான். அதன் சமையலறைக் கதவை மட்டும் அவர்கள் தட்டியதில்லை.

தாணே நிலையத்திலிருந்து கிளம்பும் கல்யாண் லோக்கல் சற்று நேரத்தில் பாலத்தின் மேல் ஏறித் தடதடக்கிறது. ஜன்னலோரப் பயணிகள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். கீழே கறுத்த நீர். இரு புறமும் அலையாத்திப் புதர்கள். சேற்றில் சாய்ந்து கிடக்கும் ஒன்றிரண்டு படகுகள். கல்வா நிலையம் வந்ததும் எல்லாம் மறந்துபோகிறது. அந்தச் சில நொடிகளில் ஒரு தீவைவிட்டு இந்தியப் பெருநிலத்தில் கால் வைத்துவிட்டோம் என்பது பெட்டியில் இருக்கும் பலருக்குத் தெரியாது.

தெரியாததில் ஆச்சரியமில்லை. தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழ்ந்து, வீட்டு வாடகை விரட்ட முலுண்டுக்கும் தாணேக்கும் நகர்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு 'தீவு' என்றால் ராமேஸ்வரம், இலங்கை அல்லது அந்தமான். கொஞ்சம் வசதி கூடியவர்களுக்கு இப்போது மத்தியதரைக் கடலும் அந்தப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. சிசிலியில் அராஞ்சினி என்ற அரிசி உருண்டையைச் சாப்பிட வேண்டும், சைப்ரஸில் சுட்டாலும் உருகாத ஹலூமி பாலாடைக்கட்டியை ருசி பார்க்க வேண்டும், கிரீட்டில் பார்லி ரொட்டியின் மேல் தக்காளியும் பாலாடையும் வைத்த டாகோஸைத் தவறவிடக் கூடாது என்று பயண வழிகாட்டிகள் சொல்கின்றன. விமானச் சீட்டும் விசாவும் எடுத்துக்கொண்டு போய் அதையெல்லாம் சாப்பிடுகிறவர்கள், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கோலிவாடாவில் இன்று என்ன குழம்பு என்று கேட்டதில்லை.

தீவின் விலாசம்

தீவின் பெயர் சாஷ்டி. போர்ச்சுகீசியர் வாயிலும் பிறகு ஆங்கிலேயர் வாயிலும் அது சால்செட் ஆனது. அறுபத்தாறு கிராமங்கள் என்ற பொருளில் வந்த பெயர் என்பார்கள். மேற்கே அரபிக் கடல், கிழக்கே தாணே கடற்கழி, வடக்கே வசாய் கழியும் உல்லாஸ் நதியும் எல்லை. மால்டாவின் தீவுகளை எல்லாம் சேர்த்தாலும் 316 சதுர கிலோமீட்டர்தான். சாஷ்டி அதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. உலகத்தில் ஜனநெருக்கடி மிகுந்த தீவுகளில் இதுவும் ஒன்று.

தீவு என்ற நினைப்பை அழித்தவை பாலங்களும் சாலைகளும். 1805-க்குள் சயான் பக்கம் ஒரு கல்பாதை போடப்பட்டது. 1845-ல் மாஹிமையும் பாந்த்ராவையும் இணைத்து இன்னொன்று. 1853 ஏப்ரல் 16-ல் போரி பந்தரிலிருந்து 34 கிலோமீட்டர் ஓடி தாணேக்கு வந்தது நாட்டின் முதல் பயணிகள் ரயில். மறு வருடமே தண்டவாளம் கழியைத் தாண்டி கல்யாண் போய்விட்டது. பம்பாயின் ஏழு தீவுகளும் ட்ராம்பேயும் சாஷ்டியும் மண்கொட்டி ஒட்டவைக்கப்பட்டு ஒரே நிலமாயின. மாதுங்காவின் காபிக் கடையும் செம்பூரின் முருகன் கோயிலும் தாணேயின் தலாவ்பாளி ஏரிக்கரையும் இன்று ஒரே தீவில்தான் இருக்கின்றன.

இந்தத் தீவுக்கும் ஐரோப்பாவுக்கும் உறவு உண்டு. 1534-ல் குஜராத் சுல்தான் பகதூர் ஷா வசாயையும் சுற்றியுள்ள தீவுகளையும் போர்ச்சுகீசியரிடம் விட்டுக்கொடுத்தார். இருநூறு வருடம் கழித்து, 1737-ல், மராத்தியர் சாஷ்டியைப் பிடித்தார்கள். 1774-ல் ஆங்கிலேயர் வந்தார்கள். போர்ச்சுகீசியர் கட்டத் தொடங்கிய தாணே கோட்டை இன்று மத்தியச் சிறைச்சாலை. கோட்டை கைமாறியது, அடுப்பில் ஏறியவை இறங்கவில்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறிய தக்காளி சிசிலியில் இறங்கியது; அதே கண்டத்து மிளகாயைப் போர்ச்சுகீசியக் கப்பல்கள் இந்தக் கரையில் இறக்கின. இரண்டு தீவுகளும் அதைத் தங்கள் பாட்டன் சொத்தாகவே நினைக்கின்றன.

கொடியில் காயும் மீன்

தீவின் பூர்வ குடிகள் கோலிகள். தாணே ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது அவர்களுடைய சேந்தணி கோலிவாடா. திருநெல்வேலிக்காரர்கள் தோல் பதனிட வந்து சேர்வதற்கு முன்பே, தாராவியில் மீன்பிடித்துக் கொண்டிருந்தவர்களும் கோலிகளே. அந்தக் கோலிவாடா இன்றும் அங்கே இருக்கிறது. மாஹிம் கழியில் மீன்தான் இல்லை.

கோலிச் சமையலின் நாயகன் பொம்பில். ஆங்கிலத்தில் 'பம்பாய் வாத்து' என்று பெயர் வாங்கிய மீன். நீரோட்டத்தின் குறுக்கே முளையடித்துக் கட்டும் 'டோல்' என்ற பை வலையில் கடல் ஏறி இறங்கும்போது தானாக வந்து விழுகிறது. இதன் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். அதனால் பச்சை மீனை நேராக எண்ணெயில் போட்டால் கூழாகிவிடும். பிளந்து, நடுமுள்ளை எடுத்து, கனமான எதையாவது மேலே வைத்து அழுத்தி நீரைப் பிழிய வேண்டும். பிறகு மஞ்சள், மிளகாய், புளி தடவி, அரிசி மாவிலோ ரவையிலோ புரட்டிப் பொரிக்கிறார்கள். வெளியே மொறுமொறு, உள்ளே வெண்ணெய். வஞ்சிரம் சாப்பிட்டுப் பழகிய தமிழ் நாக்குக்கு முதல் வாய் கொஞ்சம் வினோதமாகத்தான் இருக்கும். இரண்டாவது வாயில் பழகிவிடும்.

மிஞ்சிய மீனை மழைக்காலத்துக்குச் சேமிப்பதில்தான் இருக்கிறது கோலிகளின் சாமர்த்தியம். கரையில் மூங்கில் நட்டுப் பந்தல்போலக் குறுக்குக் கொடிகள் கட்டுகிறார்கள். இரண்டு பொம்பில்களின் தாடைகளை ஒன்றோடொன்று கோத்துக் கொடியில் தொங்கவிடுகிறார்கள். வெயிலும் கடற்காற்றும் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். அக்டோபரில் மழை ஓய்ந்ததும் வெர்சோவா, மட், உத்தன் கரைகளில் இந்தக் கொடிகள் ஏறிவிடும். ஜூன், ஜூலையில் இயந்திரப் படகுகள் கடலுக்குப் போகத் தடை. அந்த மாதங்களில் காய்ந்த பொம்பிலும் 'ஜவளா' என்ற சின்ன இறாலும்தான் கஞ்சிக்கும் பாக்ரிக்கும் துணை. கத்தரிக்காயும் உருளைக்கிழங்கும் போட்டுக் காய்ந்த பொம்பிலில் வைக்கும் குழம்பைத் தூத்துக்குடிக்காரர் சாப்பிட்டால் புதிதாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை. நம் கருவாட்டுக் குழம்பின் ஒன்றுவிட்ட தங்கை அது.

கழியோரத்துக் கோலிகளின் ருசி வேறு. அலையாத்தி வேர்களுக்கிடையே சேற்றில் ஒளியும் 'சிம்போரி' நண்டு, சேற்றின் மேல் தாவித் திரியும் 'நிவ்டி' மீன் இவையெல்லாம் அவர்கள் வீட்டு விசேஷ அயிட்டங்கள். உடன் சாப்பிட அரிசி மாவு பாக்ரி. கொதிநீரில் மாவைக் கிளறி, பிசைந்து, உள்ளங்கையில் தட்டிச் சுடுகிறார்கள். இடியாப்பத்துக்கு மாவு பிசைந்த கைகளுக்கு இந்தப் பதம் பிடிபடாமல் போகாது.

பாட்டிலில் ஒரு வருடம்

தீவின் இன்னொரு சமையலறை ஈஸ்ட் இண்டியன்களுடையது. பெயரைக் கேட்டு யாரும் வங்காளத்தில் தேட வேண்டாம். போர்ச்சுகீசியர் காலத்தில் கிறிஸ்துவத்தைத் தழுவிய இந்த மண்ணின் விவசாயிகளும் மீனவர்களும் உப்பளத்தாரும் இவர்கள். ஆங்கிலேயர் காலத்தில் கோவாவிலிருந்தும் மங்களூரிலிருந்தும் வேலை தேடி வந்த கத்தோலிக்கர்களிடமிருந்து தங்களைப் பிரித்துக் காட்ட, 1887-ல் விக்டோரியா மகாராணியின் பொன்விழாவை ஒட்டி இந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். பேச்சு மராத்தி, பிரார்த்தனை தேவாலயத்தில், கல்யாணத்தில் பாட்டிகள் கட்டுவது ஒன்பது கஜப் புடவை.

இவர்கள் சமையலின் உயிர்நாடி 'பாட்டில் மசாலா'. ஏப்ரல், மே வெயிலில் மிளகாயையும் மல்லியையும் முற்றத்தில் பரப்பிக் காயவைக்கிறார்கள். மஞ்சள், சீரகம், மிளகு, கடுகு, எள், கசகசா, பட்டை, கிராம்பு, ஏலம், ஜாதிக்காய், ஜாதிபத்திரி, நாகேசரம், கல்பாசி என்று பட்டியல் நீள்கிறது. கூடவே கோதுமையும் கொண்டைக்கடலையும் உண்டு. இருபதுக்குக் குறையாது; சில வீடுகளில் முப்பதைத் தொடும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுக்க வேண்டும். அந்த நாளில் மசாலா இடிக்கும் பெண்கள் வீடு வீடாக வந்து, உயரமான மர உரலில் உலக்கையால் இடித்துக் கொடுப்பார்கள். இடித்த பொடியை வெளிச்சம் புகாத நிறத்து பீர் பாட்டில்களில் காற்றுப் புகாமல் அழுத்தி அடைத்துத் தக்கை போட்டுவிட்டால் ஒரு வருடத்துக்குக் கவலையில்லை. பெயருக்குக் காரணமும் அந்த பாட்டில்தான். எந்தப் பொருள் எவ்வளவு என்ற கணக்கு மாமியாரிடமிருந்து மருமகளுக்குப் போகும். பக்கத்து வீட்டுக்குப் போகாது.

சிசிலியில் ஆகஸ்ட் வெயிலில் தக்காளி விழுதை மரப்பலகைகளில் தடவி, நாள் கணக்கில் காயவைத்து 'ஸ்த்ராத்து' செய்கிறார்கள். தமிழ்நாட்டில் மே மாத மொட்டைமாடியில் வடாமும் வற்றலும் காய்கின்றன. வெயிலைப் பிடித்து ஜாடியில் அடைப்பது என்ற ஒரே யோசனை மூன்று கரைகளில் தோன்றியிருக்கிறது.

இந்த மசாலாவில் மீன், ஆடு, பன்றி, சுரைக்காய் எல்லாம் குழம்பாகும். வாத்து மொய்லி பண்டிகைச் சமையல். 'இந்த்யால்' என்றால் மற்றவர்கள் விந்தாலு என்பது. திராட்சை மதுவும் பூண்டும் சேர்த்த போர்ச்சுகீசியப் பண்டம், மதுவுக்குப் பதில் வினிகர் சேர்ந்து இங்கே குடியுரிமை பெற்றுவிட்டது. தொட்டுக்கொள்ள 'ஃபுகியா'. மைதா, முட்டை, தேங்காய்ப்பால் சேர்த்து, முன்பெல்லாம் கள் ஊற்றிப் புளிக்கவைத்த மாவை, கைமுஷ்டியில் பிதுக்கி எண்ணெயில் விடுகிறார்கள். பலூன்போல உப்பி மிதக்கிறது. மராத்தியில் 'ஃபுகா' என்றால் பலூன். கல்யாண வீட்டில் ஃபுகியா போதவில்லை என்றால் நம் ஊர்ப் பந்தியில் வடை போதாத அதே கோபம் வரும்.

சைவர்களுக்கும் இடமுண்டு

மாதுங்கா வழி வந்த தமிழர்களில் பலர் மீனைக் கண்டால் அடுத்த நடைபாதைக்குப் போகிறவர்கள். அவர்களுக்கும் இந்தத் தீவில் இலை போட்டிருக்கிறது. 'வாலாச்சே பிர்டே' என்பது முளைகட்டிய மொச்சை வகையைத் தோலுரித்து, தேங்காய் சேர்த்துச் செய்யும் குழம்பு. வேலூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர்கள் 'பிதுக்குப் பருப்பு' என்று அடையாளம் கண்டுகொள்வார்கள். மும்பையின் பழங்குடும்பங்களான பாட்டாரே பிரபுக்கள் தங்கள் மசாலாப் பொடிக்கு வைத்திருக்கும் பெயர் சாம்பார். நம் சாம்பாருக்கும் அதற்கும் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான்.

மஞ்சள் இலையில் அரிசி மாவைத் தடவி, தேங்காயும் வெல்லமும் வைத்து, மடித்து வேகவைப்பது 'பாதோளி'. நாகர்கோவில்காரர் இலையடை என்பார். ஆவணி அவிட்டம் வருகிற அதே பௌர்ணமியை ஒட்டி கோலிகள் நாரளி பூர்ணிமா கொண்டாடுகிறார்கள். கடலுக்குத் தேங்காய் கொடுத்துவிட்டு வலையை எடுப்பார்கள். அன்றைக்கு வீட்டில் தேங்காயும் வெல்லமும் சேர்த்த நாரளி பாத். அக்டோபர் முதல் ஞாயிறு ஈஸ்ட் இண்டியன்களின் 'ஆகேரா'. புதுக் கதிரைத் தேவாலயத்துக்கு எடுத்துப்போய் ஆசி பெறுகிறார்கள். பொங்கலுக்கு மூன்று மாதம் முந்திய பொங்கல்.

இன்னொரு தாராவி

தீவுச் சமையலைத் தேடிப் போக விரும்புகிறவர்களுக்கு இடம் தாணேயிலிருந்து தூரமில்லை. கோட்பந்தர் சாலை வழியாக பாயந்தர் போய், அங்கிருந்து கடலை நோக்கித் திரும்பினால் உத்தன். அதற்குத் தெற்கே கோராய், மனோரி. போரிவலியிலிருந்து கோராய்க்கும், மலாடின் மார்வேயிலிருந்து மனோரிக்கும் படகுகள் ஓடுகின்றன. இந்த மூன்று ஊர்களும் சேர்ந்த நிலப்பகுதி பழைய நாளில் தனித் தீவு. அதன் பெயர் தாராவி. அங்கே தாராவி தேவிக்குக் கோயில் உண்டு. 1739-ல் மராத்தியர் பிடித்த தாராவிக் கோட்டையின் மிச்சமும் உண்டு. தமிழனுக்குத் தெரிந்த தாராவியில் ஓர் அங்குல இடத்துக்கு அடிதடி. இந்தத் தாராவியில் தென்னையும் பனையும் நெல்வயலும் பொம்பில் கொடிகளும்.

போக நல்ல காலம் அக்டோபர் முடிந்து மே வரை. பெயர்ப் பலகை மாட்டிய ஈஸ்ட் இண்டியன் ஓட்டல்களை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். இது வீட்டுச் சமையல். முன்கூட்டிச் சொன்னால் சமைத்துக் கொடுக்கும் வீடுகளும், மசாலாவை பாட்டிலில் விற்கும் குடும்பங்களும் உண்டு. கரையில் மீன் விற்கும் பெண்ணை 'மாவ்ஷி' என்று கூப்பிட்டு எப்படிச் சமைப்பது என்று கேட்டால், பேரத்தில் கறாராக இருந்தவர் செய்முறையில் தாராளமாகிவிடுவார். மாவ்ஷி என்றால் சித்தி.

அங்கே சட்டம், இங்கே சேறு

மத்தியதரைக் கடல் தீவுகளுக்கும் சாஷ்டிக்கும் ருசியில் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. மத்தியதரைக் கடல் உணவு முறையை யுனெஸ்கோ 2010-ல் மனிதகுலத்தின் பண்பாட்டுச் சொத்துகளில் சேர்த்தது. 2020-ல் மால்டாவின் தட்டை ரொட்டியான ஃப்திராவும் சேர்ந்தது. 2021-ல் ஹலூமி என்ற பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியம் பாதுகாப்பு கொடுத்தது. சைப்ரஸில் விதிப்படி செய்தால்தான் அந்தப் பெயர்.

அதே ஐரோப்பிய அமைப்பு பொம்பிலை நடத்திய விதம் வேடிக்கையானது. 1997-ல் சுகாதார விதியைக் காட்டி இறக்குமதியைத் தடைசெய்தது. வெட்டவெளியில் காயும் மீன் தொழிற்சாலைச் சரக்கு இல்லையே என்பது சிக்கல். பிரிட்டனில் இந்த மீனுக்கு ஏங்கியவர்கள் இயக்கமே நடத்தினார்கள். பின்னர் விதி தளர்ந்தது: வெயிலில் காயட்டும், ஆனால் அங்கீகாரம் பெற்ற கூடத்தில் பொட்டலம் கட்ட வேண்டும். ஆக, ஐரோப்பாவில் பொம்பிலுக்காகப் போராட ஆள் இருந்தது.

இங்கே? தாணே கழியின் கிழக்குக் கரையில் 1960-களிலிருந்து வளர்ந்த தொழிற்பேட்டைகளும் இரு கரை நகரங்களின் சாக்கடையும் கழியைக் கறுக்கவைத்தன. கழியை நம்பிய கோலிகள் பலர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். வலையில் மீனோடு பிளாஸ்டிக்கும் ஏறுகிறது. மீரா பாயந்தர் நகரத்தின் குப்பை மலை உத்தன் பக்கத்தில்தான் எழுந்திருக்கிறது. உத்தன்-விரார் கடற்பாலத் திட்டத்தை மீனவ கிராமங்கள் எதிர்க்கின்றன. நகரத்துக்குள் இருக்கும் கோலிவாடாக்களிலும் பழைய கிராமங்களான காவ்தாண்களிலும் அடுக்குமாடிகள் நுழைகின்றன. அடுக்குமாடியில் சமையலறை இருக்கும். மீன் காயக் கொடி கட்டவும் மிளகாய் பரப்பவும் முற்றம் இருக்காது. மர உரலின் இடத்தை மாவு மில் எப்போதோ பிடித்துவிட்டது.

நல்ல செய்தியும் இல்லாமல் இல்லை. தாணே கழியின் ஒரு பகுதி 2015-ல் பூநாரைச் சரணாலயமானது. 2022-ல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. 2023-ல் மகாராஷ்டிரம் வெள்ளை வாவலை மாநில மீனாக அறிவித்தது. பறவைக்கு இடம் கிடைத்தது, மீனுக்குப் பட்டம் கிடைத்தது. அந்த மீனைப் பிடித்துச் சமைக்கும் கைகளுக்கு என்ன என்பதுதான் பாக்கி.

இந்தக் கேள்வி தமிழர்களுக்கு அந்நியமானதல்ல. தாராவியில் விடியற்காலையில் ஆவி பறக்க வேகும் இட்லிகள் தூக்கில் ஏறி நகரமெங்கும் போகின்றன. மாதுங்காவின் கஃபே மெட்ராஸ் 1940-லும் ராமா நாயக்கின் உடுப்பி உணவகம் 1942-லும் தொடங்கியவை. இட்லியையும் ரசத்தையும் இந்த ஊருக்குப் பழக்கியதில் அவற்றுக்குப் பங்குண்டு. இட்லி விளையும் வயலும் அதைச் செய்யும் கையும் தெற்கே இன்னும் இருக்கின்றன என்ற தைரியத்தில் தமிழன் எங்கே போனாலும் அதைக் கொண்டுபோகிறான். கோலிக்கு அந்த வசதி கிடையாது. அவருக்குச் சொந்த ஊர் என்று திரும்பிப் போக வேறு இடம் இல்லை. இந்தக் கழியும் இந்தக் கரையும்தான் ஊர்.

தாணே மார்க்கெட்டில் காய்ந்த பொம்பில் கூடையைத் தாண்டும்போது நடையை எட்டிப் போடுகிறவர்கள் ஒருமுறை நிற்கலாம். வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. எந்தக் கரையில் காய்ந்தது என்று மாவ்ஷியைக் கேட்டால் போதும். இப்போதைக்கு அவர் சொல்வதற்கு ஒரு கரையின் பெயர் இருக்கிறது.